பதினொண்ணாவதுன்னு ஒரு வருஷம்

2025 ஆகஸ்ட் 8ஆம் தேதி தமிழ்நாடு அரசு மாநிலக் கல்விக் கொள்கைய வெளியிட்டுச்சு இல்லையா, அன்னைக்கு டிவில பூரா இருமொழிக் கொள்கைய வச்சுதான் சண்டை ஓடிச்சு. எனக்குக் கண்ணு நின்னது வேற ஒரு வரியில. ப்ளஸ் ஒன்னுக்கு இனிமே பொதுத்தேர்வு கிடையாது, 2025-26ல இருந்தே. அதை அப்படியே எங்க ஸ்கூல் பேட்ச் வாட்ஸ்அப் குரூப்புல தூக்கிப் போட்டேன், வரிசையா வாய்ஸ் நோட்டு வருது, ஒருத்தன்கூட பரீட்சையப் பத்திப் பேசல. என்.எஸ்.எஸ். கேம்ப்புல சாப்பிட்ட உப்புமா, குறுவட்ட விளையாட்டுப் போட்டியில வாங்குன அடி, பேர்வெல்லுக்கு காசு பிரிச்சுட்டு கணக்கு காட்டாம போனவன், இதுதான் பேச்சு. அந்தக் கணக்கு இன்னைக்கு வரைக்கும் வரல.

நாங்க படிச்சது கோவில்பட்டி பக்கம் ஒரு அரசு மேல்நிலைப்பள்ளி, 2008-09ல ப்ளஸ் ஒன். அரசுப் பள்ளியில படிச்சவங்களுக்கு நான் சொல்றது சட்டுனு புரியும், மத்தவங்களுக்காக கொஞ்சம் விளக்கிடறேன். தமிழ்நாட்டுல 1978ல ப்ளஸ் டூ முறை வந்துச்சு. பத்தாவதுல ஒரு பொதுத்தேர்வு, பன்னெண்டாவதுல ஒரு பொதுத்தேர்வு, நடுவுல பதினொண்ணு சும்மா கிடந்துச்சு. பத்தாவது பசங்கள தொடக்கூடாது, ஸ்பெஷல் கிளாஸ். பன்னெண்டாவது பசங்கள நிமிர்ந்து பாக்கவே கூடாது, அவங்களுக்கு காலையில ஒரு டெஸ்ட், சாயங்காலம் ஒரு டெஸ்ட். அப்போ ஸ்கூல்ல ஒரு பெஞ்சு நகத்தணும்னாலும், சுதந்திர தினத்துக்கு கொடிக்கம்பத்துக்கு பெயிண்ட் அடிக்கணும்னாலும், திடீர்னு சி.இ.ஓ., அதாவது மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர், விசிட் வர்றார்னாலும் ஹெச்.எம். வாயில வர்ற மொத வார்த்தை "லெவன்த்து பசங்கள கூப்பிடு". இப்படி ஒரு ரூல யாரும் எழுதி வைக்கல, தானா அமைஞ்சதுதான். அதனாலயே ஸ்கூலே எங்க கையில இருக்குற மாதிரி ஒரு நெனப்பு எங்களுக்கு, பாதி நெசமும்தான், ஆய்வகச் சாவியில இருந்து பி.டி. ரூம் சாவி வரைக்கும் எங்க கிளாஸ் பயலுக பாக்கெட்டுலதான் கிடக்கும்.

இன்னொரு காரணமும் இருந்துச்சு. பத்தாவது வரைக்கும் பக்கத்து ஊர் உயர்நிலைப்பள்ளிகள்ல படிச்சவங்க எல்லாம் ப்ளஸ் ஒன்னுக்குத்தான் எங்க ஸ்கூலுக்கு வருவாங்க, ஜூன் மாசம் கிளாஸ்ல பாதி முகம் புதுசு. வெள்ளச்சட்டை காக்கி பேண்டு ஒண்ணுதான், ஆனா பேசுற பேச்சுல இருந்து சாப்பாட்டு டப்பா வரைக்கும் ஊருக்கு ஊர் வேற. ஆறாவதுல இருந்து இங்கேயே படிச்ச எங்களுக்கு அவங்க மேல ஒரு இளக்காரம், அவங்களுக்கு எங்க மேல ஒரு எரிச்சல். அது தீர்றதுக்கு அந்த வருஷத்துல ரெண்டு மூணு வழி இருந்துச்சு, அதுல எதுவும் பாடப்புத்தகத்துக்குள்ள இல்ல.

பிரேயர்ல இருந்து ஆரம்பிப்போம். தமிழ்த்தாய் வாழ்த்து, உறுதிமொழி, திருக்குறள், செய்தி வாசிப்பு, தேசியகீதம். தமிழ்த்தாய் வாழ்த்து மனோன்மணீயம் சுந்தரனார் எழுதுனது, எங்க பக்கத்து திருநெல்வேலி யுனிவர்சிட்டிக்கே அவர் பேருதான். 2021 டிசம்பர்ல அதை மாநிலப் பாடலா அறிவிச்சப்போ 55 செகண்டுல பாடி முடிக்கணும்னு அரசாணை போட்டாங்க. எங்க ஸ்கூல்ல ஒரு நாளும் அது 55 செகண்டுல முடிஞ்சதில்ல. பாடுற அஞ்சு புள்ளைங்க ஆளுக்கொரு சுருதியில இழுப்பாங்க, மைக்கு நடுவுல கொய்ங்னு கத்தும், வெயில்ல எட்டாவது பையன் ஒருத்தன் மயங்கி விழுவான், நாங்க போய் தூக்குவோம். செய்தி வாசிக்கிறது ப்ளஸ் ஒன் வேலை. டீக்கடையில தினத்தந்தி வாங்கி அஞ்சு தலைப்பு எழுதிட்டு வரணும், சினிமா நியூஸ் கூடாது, கொலை கூடாது, கட்சி கூடாது. இந்த மூணையும் எடுத்துட்டா தினத்தந்தில மிச்சம் என்ன இருக்கும் சொல்லுங்க, அதனால வாரத்துல மூணு நாள் வானிலை அறிக்கையும் பெட்ரோல் விலையும்தான் வாசிப்போம்.

ஜூலை ஆகஸ்ட்டுல குறுவட்ட விளையாட்டுப் போட்டி வந்துரும். ஒரு வட்டாரத்துல இருக்குற ஸ்கூல் எல்லாம் சேர்ந்து மோதுறது. ஜெயிச்சா மாவட்டம், அங்க ஜெயிச்சா மாநிலம். பதினொண்ணு பன்னெண்டு பசங்க சூப்பர் சீனியர், ஆனா பன்னெண்டாவது வாத்தியாருங்க அவங்கள விட மாட்டாங்க, அதனால டீம்ல முக்கால்வாசி ப்ளஸ் ஒன்தான். கோவில்பட்டின்னா ஹாக்கிதான், இந்தியா டீம் வரைக்கும் ஆள் அனுப்புன ஊரு, ஆனா எங்க ஸ்கூல்ல ஹாக்கி மட்டையும் கிடையாது, அதுக்கு கிரவுண்டும் கிடையாது. எங்களுக்கு கபடி, கோ-கோ, பொம்பளப் புள்ளைங்களுக்கு எறிபந்து, வளையப்பந்து. பஸ் காசு பி.டி. சார் கைக்காசு. தோத்தா எலுமிச்சம்பழ சாதத்தோட வீட்டுக்கு, ஜெயிச்சா வர்ற வழியில பரோட்டா சால்னா. அவர் முகத்தப் பாத்தா நாங்க ஜெயிக்கணும்னு வேண்டுறாரா தோக்கணும்னு வேண்டுறாரான்னு கண்டுபிடிக்கவே முடியாது, ஒரு டீமே பரோட்டா சாப்பிட்டா என்ன பில் ஆகும்னு நினைச்சுப் பாருங்க.

ஸ்போர்ட்ஸ் டேயப் பத்தி கொஞ்சம் நின்னு பேசணும். சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள்னு நாலு ஹவுஸ். யாரு எந்த ஹவுஸ்னு பி.டி. சார் சீட்டு குலுக்கிப் போட்டுத்தான் பிரிப்பாரு. ஒரு எவர்சில்வர் தூக்குவாளியில சீட்டுகளப் போட்டு எல்லாரையும் வரிசையில நிறுத்தி ஒவ்வொருத்தரா எடுக்கச் சொல்லுவாரு, எடுத்த சீட்ட மாத்திக்கிடக் கூடாது, அழுதாலும் கூடாது, அப்பா வந்து பேசுனாலும் கூடாது. அவரு அதுல அவ்வளவு பிடிவாதமா இருந்ததுக்கு காரணம் என்னன்னு எங்க பக்கத்துக்காரங்களுக்கு சொல்லாமலே தெரியும். எங்க ஸ்கூல்ல கலருக்கு ஏற்கனவே வேற ஒரு அர்த்தம் இருந்துச்சு. கையில கட்டுற கயிறு. மஞ்சளும் சிவப்பும் முறுக்குனது ஒரு சாதி, பச்சையும் மஞ்சளும் இன்னொண்ணு, நீலம் வந்தா வேற. ஜூன் மாசம் புதுசா வந்து உக்கார்ற பையன் பேரு கேக்குறதுக்கு முன்னாடியே மணிக்கட்டப் பாத்துருவோம், எந்த பெஞ்சுல உக்காரணும்ங்கிறது அதுலயே முடிவாயிரும். தென்மாவட்டத்துல பள்ளிக்கூடம் போன யாரும் இது எனக்குத் தெரியாதுன்னு சொன்னா நம்பாதீங்க.

இப்போ அந்த தூக்குவாளி என்ன பண்ணும்னா, நாலு விதமான கயிறு கட்டுனவனுங்கள ஒரே சிவப்பு ஹவுஸ்ல போட்டுரும். 4x100 ரிலேக்கு பேட்டன் மாத்துறதுக்கு கூடவே ஓடிப் பழகணும், பின்னாடி திரும்பிப் பாக்காம கைய நீட்டணும், வர்றவன் கூப்பிடுற சத்தத்த நம்பணும். டிராக்குல ஏறுறதுக்கு முன்னாடி சார் ஒரு பழைய கத்திரிக்கோலோட நிப்பாரு. "பேட்டன் வழுக்கும்லே, கழட்டு." அவரு சொன்ன காரணம் அவ்வளவுதான், ஒரு லெக்சர் கிடையாது, சமத்துவம் சகோதரத்துவம்னு ஒரு வார்த்தை வராது. சில பேரு கழட்டிட்டு ஸ்போர்ட்ஸ் முடிஞ்ச மறுநாள் புதுசு கட்டிட்டு வந்தான், அதையும் சொல்லணும். ஆனா ரிலே ஓடுன நாலு பேரு அதுக்கப்புறம் மதியம் சாப்பாட்டுக்கு ஒரே வேப்பமரத்தடிக்குப் போனானுங்க, மத்தவங்க அதை ஒரு மாதிரி பாத்தாங்க, கொஞ்ச நாள்ல பாக்குறதையும் விட்டுட்டாங்க.

இதை நான் பெருசா சொல்றேன்னு நினைக்கிறவங்க 2023 ஆகஸ்ட்டுல நாங்குநேரியில என்ன நடந்துச்சுன்னு ஞாபகப்படுத்திப் பாருங்க. பட்டியல் சாதியச் சேர்ந்த ப்ளஸ் டூ பையன கூடப் படிச்ச பசங்களே வீடு புகுந்து அரிவாளால வெட்டுனாங்க, தடுக்கப் போன தங்கச்சிக்கும் வெட்டு. அதுக்கப்புறம்தான் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில ஒரு நபர் குழு போட்டாங்க, 2024 ஜூன்ல அறிக்கை வந்துச்சு, அதுல கலர் கயிறுக்கு தடை போடணும்னு இருக்கு. 2019லயே கல்வித்துறையில இருந்து ஒரு சுற்றறிக்கை வந்து, எதிர்ப்பு கிளம்புனதும் அப்படியே அமுங்கிப் போன விஷயம்தான் இது. தடை வேணும், சந்தேகமே இல்ல. ஆனா கயிற அவுத்துட்ட பையன் அடுத்த அரைமணி நேரம் யாருகூட என்ன செய்யப்போறான்ங்கிறதுக்கு சுற்றறிக்கையில இடமில்ல, அதுக்கு கிரவுண்டு வேணும், பி.டி. பீரியட் வேணும், அதை பிசிக்ஸ் சார் பிடுங்கிட்டுப் போகாம இருக்கணும்.

டிராக் போடுறதும் நாங்கதான். சுண்ணாம்புத்தூளு, கயிறு, ரெண்டு குச்சி. ஒரு ரவுண்டு ஓட்டத்துக்கு எல்லாரையும் ஒரே கோட்டுல நிறுத்தக் கூடாது, வெளி லேன்ல ஓடுறவனுக்கு தூரம் கூடிரும், அதனால லேனுக்கு லேன் ஸ்டார்ட்டிங்க முன்னாடி தள்ளி வைக்கணும், எவ்வளவுன்னா ஏழு மீட்டர் சொச்சம். லேனோட அகலம் 1.22 மீட்டர், அதை 2π-யால (ரெண்டு பை) பெருக்குறது, சின்னச் சின்ன கழிவெல்லாம் போக அவ்வளவு வரும். இதுல விசேஷம் என்னன்னா கிரவுண்டு பெருசா இருந்தாலும் சின்னதா இருந்தாலும் இந்த நம்பர் மாறாது, வட்டத்தோட ஆரம் கணக்குல அடிபட்டுப் போயிரும். மேத்ஸ் குரூப் எடுத்துட்டு எதுக்குடா எடுத்தோம்னு முழிச்சிட்டு இருந்த நாங்க, பை-ங்கிறது கால்ல சுண்ணாம்பு ஒட்டுற ஒரு விஷயம்னு பாத்தது அன்னைக்குத்தான். எங்க மேத்ஸ் சார் ஜன்னல் வழியா பாத்துட்டு "இதையே நான் போர்டுல போட்டா தூங்குறானுங்க"ன்னு பொலம்புனாரு.

பரிசுன்னா எவர்சில்வர் டம்ளர், சோப்பு டப்பா, மொத பரிசுக்கு தட்டு. எங்க அம்மா அந்தத் தட்ட இன்னும் யாருக்கும் சாப்பாடு போடாம சாமி ரூம்ல வச்சிருக்காங்க. நான் ஜெயிச்சது சாக்கு ஓட்டம்.

சரி, என்.எஸ்.எஸ். கேம்ப். குரூப்புல அதிகமா வாய்ஸ் நோட்டு வந்தது இதுக்குத்தான். நாட்டு நலப்பணித் திட்டம், 1969ல காந்தி நூற்றாண்டு வருஷத்துல மொதல்ல காலேஜுகளுக்கு ஆரம்பிச்சாங்க, பின்னாடி மேல்நிலைப்பள்ளிகளுக்கும் வந்துச்சு. சின்னத்துல இருக்குறது கோனார்க் சூரியக்கோயில் சக்கரம், அதை பேட்ஜ்ல குத்திக்கிட்டு திரியுறதே ஒரு கெத்து. காலாண்டு லீவுல ஏழு நாள் ஒரு கிராமத்துல தங்கணும். எங்களுக்கு ஓட்டப்பிடாரம் பக்கம் ஒரு சின்ன ஊரு, ஊராட்சி ஒன்றியப் பள்ளியில படுக்கை, ஆளுக்கொரு போர்வை, ஒரு பக்கெட்டு, ஒரு தட்டு. வீட்ட விட்டு வெளிய தங்குறது எங்கள்ல நெறைய பேருக்கு அதுதான் மொத தடவ.

காலையில அஞ்சரைக்கு விசில். ஊர் குழாயடியில பொம்பளைங்க குடத்தோட நிக்க, அவங்க நடுவுல நாங்க பல்லு விளக்கிட்டு நிக்கணும், கூச்சம்னா கூச்சம். அப்புறம் களப்பணி. கோயில் வளாகத்த கூட்டுறது, ஸ்கூல் சுவருக்கு வெள்ளையடிக்கிறது, கண்மாய்க் கரையில சீமைக்கருவேலம் வெட்டுறது. இந்த சீமைக்கருவேலத்தப் பத்தி எங்களுக்கு கேம்ப் திறப்பு விழாவுல ஒரு சொற்பொழிவே நடந்துச்சு, நெலத்தடி நீர உறிஞ்சிரும், மண்ண கெடுத்துரும், ஒழிச்சே ஆகணும்னு. நாங்களும் வீரமா வெட்டுனோம், கையெல்லாம் முள்ளு. மூணாவது நாள் ஒரு தாத்தா கரையில குத்தவச்சு பீடி பத்த வச்சுக்கிட்டே பாத்துட்டு இருந்தாரு. "ஏலே தம்பி, போன வருசமும் ஒரு கூட்டம் வந்து இதைத்தான் வெட்டுச்சு. வேரோட புடுங்காம வெட்டுனா முன்னவிட நல்லா தழையும்லே." அப்புறம்தான் தெரிஞ்சது, நாங்க வெட்டிப் போட்ட கட்டையெல்லாம் சாயங்காலம் ஊர்க்காரங்க அள்ளிட்டுப் போய் கரிமூட்டம் போட்டுட்டு இருந்தாங்கன்னு. எங்க பக்கம் அது ஒரு தொழில், மழை பொய்ச்சா அதுலதான் அடுப்பெரியும். எங்க பி.ஓ. சார் (என்.எஸ்.எஸ். திட்ட அலுவலர்) கிட்ட சொன்னோம், அவரு ரெண்டு நிமிஷம் யோசிச்சிட்டு "சேவைதானே, அதுவும் சேவைதான், வெட்டுங்க"ன்னுட்டாரு.

உருப்படியா செஞ்சது கண் சிகிச்சை முகாம். திருநெல்வேலி அரவிந்த் கண் ஆஸ்பத்திரில இருந்து டீம் வந்தாங்க. அதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே நாங்க வீடு வீடா போய் வயசானவங்க பேரெழுதணும். வர மாட்டேன்னு அடம் பிடிக்கிறவங்கதான் அதிகம், கண்ணத் தோண்டி எடுத்துருவாங்கன்னு ஒரு பாட்டி கதவ சாத்திட்டாங்க. அந்தப் பாட்டியப் பேசி கூட்டிட்டு வந்தது எங்க கிளாஸ்ல ஜூன்ல புதுசா வந்து சேர்ந்த ஒரு புள்ள, அதுவரைக்கும் கிளாஸ்ல அது வாயத் திறந்து நாங்க கேட்டதே இல்ல. திண்ணையில உக்காந்து அரைமணி நேரம் வெத்தல இடிச்சுக் குடுத்துட்டு, கடைசில கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்துச்சு. கண்புரைன்னு சொல்லி பஸ்ல ஏத்தி அனுப்புனாங்க, திரும்பி வந்த பாட்டி அந்தப் புள்ளைய நேர்ல பாத்துட்டு "நீ இம்புட்டு கருப்பாடி?"ன்னு கேட்டாங்களாம். இது கேம்ப் முடிஞ்சு ரொம்ப நாள் கழிச்சு அவளே சொல்லி சிரிச்சது. இப்போ அவ ராதாபுரம் பக்கம் கிராம சுகாதார செவிலியர், கேம்ப்புலதான் அந்த ஆசை வந்துச்சுன்னு சொல்லமாட்டா, சம்பளம் வந்துச்சு போனேன்னுதான் சொல்லுவா.

ராத்திரி கலைநிகழ்ச்சி, பட்டிமன்றம், ஊரே வந்து உக்காரும். தலைப்பு எப்பவும் ஒண்ணுதான், குடும்பத்துக்கு பெரிதும் உழைப்பவர் கணவனா மனைவியா. நடுவரு தமிழ் ஐயா. தீர்ப்பு எப்பவும் மனைவிதான், ஏன்னா முன்வரிசை பூரா பொம்பளைங்க. கேம்ப்பு சாப்பாடு மொத மூணு நாள் உப்புமாவும் சாம்பாரும், அப்புறம் ஊர்க்காரங்களுக்கே மனசு கேக்காம வீட்டுக்கு ரெண்டு பேரா கூட்டிட்டுப் போய் சோறு போட்டாங்க. யார் யாரு எந்தத் தெருவுக்கு போறதுங்கிறதுல ஒரு சிக்கல் வந்துச்சு, அதை பி.ஓ. சார் எப்படி சமாளிச்சாருன்னா வருகைப் பதிவேட்டு வரிசையிலயே அனுப்பிட்டாரு. அந்த ஊர்ல எல்லாத் தெருவுலயும் நாங்க சாப்பிட்டோம். சில பேரு வீட்டுல வந்து அதைச் சொல்லவே இல்ல.

லீவு முடிஞ்சு வந்தா சரஸ்வதி பூஜை. லேப்ல இருக்குற மைக்ராஸ்கோப்பு, வெர்னியர் காலிபர், பி.டி. ரூம்ல குண்டு, வட்டுன்னு எல்லாத்துக்கும் சந்தனம் குங்குமம், எலும்புக்கூட்டு மாடலுக்கு நெத்தியில பட்டை போட்டது யாருன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. பொரி, கடலை, சுண்டல் பொட்டலம் மடிக்கிறதும் லெவன்த்து. நவம்பர் 14 குழந்தைகள் தினம், டிசம்பர் 11 பாரதியார் பிறந்தநாள். எட்டயபுரம் பக்கத்துலயே இருக்குறதால எங்களுக்கு பாரதி ஒரு ஊர்க்காரரு மாதிரிதான், கோட்டும் முண்டாசும் மை மீசையுமா ஒரு அம்பது பாரதி அன்னைக்கு ஸ்கூல்ல சுத்தும்.

ஆண்டு விழாவுக்கு நாடகம்னா வேற பேச்சே கிடையாது, கட்டபொம்மன். பாஞ்சாலங்குறிச்சி கிட்ட, தூக்குல போட்ட கயத்தாறு எங்களுக்கு பஸ் ஸ்டாப்பு, அப்புறம் வேற யாரப் போடுறது. கட்டபொம்மனா நடிக்க அடிதடியே நடக்கும், வெள்ளக்காரனா நடிக்க ஆளே கிடைக்காது, கடைசியில வெள்ளையா இருக்கான்ங்கிற ஒரே தப்புக்காக ஒருத்தன மாட்டி விடுவோம். எங்க வருஷம் 1799 அக்டோபர் 16 தூக்குக் காட்சியில கயிறு அவுந்து கட்டபொம்மன் மேடையிலயே உக்காந்துட்டான், ஆடியன்ஸ்ல இருந்த ஒரு பெரியவரு "ஏலே விட்ருங்கலே, பொழச்சுப் போகட்டும்"னு சத்தம் போட்டாரு, திரை போட்டுட்டோம். அந்த வருஷம் கட்டபொம்மன் சாகல.

பிப்ரவரியில ப்ளஸ் டூவுக்கு பேர்வெல். அண்ணன், அக்காங்களுக்கு நாங்க குடுக்கணும், செலவு எங்களது. சமோசா, மிக்ஸர், ஜாங்கிரி, பவண்டோ. பதிலுக்கு அவங்க ஸ்கூலுக்கு ஏதாவது வாங்கிக் குடுத்துட்டுப் போவாங்க, ஃபேன், சுவர்க் கடிகாரம், தண்ணி டிரம். அதுல பெயிண்ட்ல "2008-2009 பன்னிரண்டாம் வகுப்பு மாணவ மாணவியர் அன்பளிப்பு"ன்னு எழுதிருக்கும். எங்க ஸ்கூல் ஃபேனையெல்லாம் அண்ணாந்து பாத்தீங்கன்னா ஸ்கூல் வரலாறே தெரியும், எந்த வருஷம் பஞ்சம் எந்த வருஷம் விளைச்சல்ங்கிறது வரைக்கும். ரெக்கை மூணுலயும் எழுதிருந்தா நல்ல மகசூல், வெறும் கடிகாரம்னா வானம் பாத்த வருஷம். பேர்வெல் அன்னைக்கு மைக்கப் பிடிச்ச எல்லா அக்காவும் அழுவாங்க, அண்ணன்மாரு அழுறவங்கள கிண்டல் பண்ணிட்டு சைக்கிள் ஸ்டாண்டுல போய் அழுவாங்க.

நாங்க ப்ளஸ் டூ போனதும் ஜூன் மாசத்துல இருந்தே ரிட்டயர்மெண்ட்டுதான். பி.டி. பீரியட் இல்ல, கேம்ப் இல்ல, செய்தி கூட வாசிக்க விடல. மார்ச்சுல கடைசிப் பரீட்சை முடிஞ்சு கேட்டத் தாண்டுனதும் வெள்ளச்சட்டையில ஃபில்லர் பேனா உதறி இங்க் அடிக்கிறது மட்டும்தான் அந்த வருஷத்துல நாங்களா செஞ்ச ஒரே காரியம்.

இப்போ 2017க்கு வருவோம். அந்த வருஷம் மே மாசம் அரசாணை வந்துச்சு, ப்ளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு, 2018 மார்ச்ல மொத பரீட்சை. 1200 மார்க்கு 600 ஆச்சு. அதோட நோக்கம் தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். மார்க்குக்காகவே நடத்துன தனியார் பள்ளிகள் கொஞ்சம் இருந்துச்சு, பிராய்லர் ஸ்கூல்னு ஊரே பேசுற ரகம், அங்க ப்ளஸ் ஒன் புத்தகத்த தொடவே மாட்டாங்க, ரெண்டு வருஷமும் ப்ளஸ் டூ பாடத்தையே அரைச்சு 1150, 1180னு பேனர் வைப்பாங்க. அந்தப் பசங்க நீட், ஜே.இ.இ.ன்னு போனா பாதிக் கேள்வி பதினொண்ணாவதுல இருந்து வருது, முழிச்சாங்க. இன்ஜினியரிங் மொத வருஷ மேத்ஸ்ல மாட்டுனாங்க. சரி, அதை நிறுத்தணும்னா அந்த ஸ்கூல்கள்ல போய் ப்ளஸ் ஒன் பாடம் நடக்குதான்னு பாத்திருக்கலாம். அதை விட்டுட்டு தமிழ்நாடு பூரா பரீட்சை வச்சாங்க. பத்து, பதினொண்ணு, பன்னெண்டுன்னு மூணு வருஷம் வரிசையா பொதுத்தேர்வு, பெயிலான பாடத்த பன்னெண்டாவதுல சேத்து எழுதணும், காலேஜுல மட்டுமே கேட்ட அரியர்ங்கிற வார்த்தை பள்ளிக்கூடத்துக்குள்ள வந்துச்சு. அடுத்த வருஷமே, 2018ல, காலேஜ் சேர்க்கைக்கு ப்ளஸ் டூ மார்க் மட்டும் போதும்னும் சொல்லிட்டாங்க. அப்போ பரீட்சை எதுக்குன்னு கேட்டா பதில் இல்ல, ஆனா பரீட்சை மட்டும் இருந்துச்சு.

எங்க பேட்ச்ல ஒருத்தன் இப்போ இன்னொரு அரசுப் பள்ளியில முதுகலை ஆசிரியரா இருக்கான், என்.எஸ்.எஸ். பொறுப்பும் அவன்தான். அவன் சொல்றது, இந்த எட்டு வருஷத்துல கேம்ப்புக்கு ஆள் பிடிக்கிறது பொண்ணு பாக்கப் போறத விட கஷ்டமா ஆயிருச்சு, சர்டிபிகேட்டுக்கு பேரு குடுப்பான், ஏழு நாள் தங்க வரமாட்டான்னு. சீட்டு குலுக்குற பி.டி. சாரும் ரிட்டயர் ஆயிட்டாரு. நடுவுல நல்லதும் நடந்துச்சு, இல்லன்னு சொல்லல. 2022ல இருந்து அரசே கலைத் திருவிழான்னு நடத்துது, பறையில இருந்து வில்லுப்பாட்டு வரைக்கும் போட்டி, மாநில அளவுல ஜெயிச்சா கலையரசன், கலையரசின்னு பட்டம். எங்க காலத்துல பறை ஸ்கூலுக்குள்ள வந்திருக்குமான்னு யோசிச்சா கண்டிப்பா வந்திருக்காது. ஆனா போட்டின்னு வந்துட்டா ஆடத் தெரிஞ்சவன்தான் போவான். எங்க கட்டபொம்மன் நாடகத்துல நடிக்கத் தெரியாதவன்தான் பாதிப் பேரு, அதுல ஒருத்தன் இன்னைக்கு கோர்ட்டுல நின்னு வாதாடுறான்.

இப்போ பரீட்சைய எடுத்துட்டாங்க. அந்த வருஷம் தானா திரும்பி வந்துரும்னு எனக்கு நம்பிக்கை இல்ல, காலி இடம் தெரிஞ்சா பிசிக்ஸ் சாருங்க சும்மா இருக்க மாட்டாங்க, டியூஷன் சென்டருங்க அதைவிட சும்மா இருக்காது. எங்க அக்கா பையன் இந்த வருஷம்தான் ப்ளஸ் ஒன், அரசுப் பள்ளிதான், பயாலஜி குரூப். என்.எஸ்.எஸ்.ல பேரு குடுத்திருக்கான், காலாண்டு லீவுல கேம்ப், ஆனா அதே வாரம் டியூஷன்ல நீட் பவுண்டேஷன் டெஸ்ட். அக்கா முடியவே முடியாதுன்னு நிக்கிறா. மச்சான் வழக்கம்போல "உங்க அம்மா சொல்றதுதான்"னு பேப்பர விரிச்சுட்டாரு. பையன் எனக்கு போன் போட்டு "மாமா, பேரண்ட் கையெழுத்து வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும், நீங்க வந்து பேசுங்க, வர்றப்போ அம்மாவுக்குப் பிடிச்ச கருப்பட்டி மிட்டாய் வாங்கிட்டு வாங்க"ங்கிறான். வியாழக்கிழமை சாயங்காலம் போறேன். பெர்மிஷன் பாரத்துல கார்டியன் கையெழுத்துன்னு தனியா ஒரு கோடு இருக்கான்னு அவன்கிட்ட கேட்டு வச்சிருக்கேன்.